வாரிசுப் பட்டியலில் மூன்றாவது பெயர்

விருத்தாசலம்,
8.6.2009

அன்பு வளர்மதி,

நலம். நீயும் உன் அம்மாவும் நலமா? ஈமெயில் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று திட்டாதே. தாலுகா அலுவலகத்தில் என் முதுகுக்குப் பின்னால் எப்போதும் நாலு பேர் நிற்கிறார்கள்.

உங்கள் கம்பெனி சென்னையில் செய்து அனுப்பிய கணினி ஏற்பாடு எங்களிடம் வந்து இரண்டு மாதமாகிறது. முன்பெல்லாம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் சான்றிதழுக்கு வந்தால், "ஃபைல காணோம், திங்கக்கிழம வாங்க" என்று மூன்று முறையாவது அலையவிடுவோம். வெள்ளத்தில் நனைந்த கட்டுகளை யாரும் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை. இப்போது பெயரைத் தட்டினால் திரையில் வருகிறது. போன வாரம் என் கணினி பழுதானபோது எல்லாம் போயிற்று என்று பயந்தேன். பக்கத்து மேசையில் திறந்தால் ஓர் எழுத்து குறையவில்லை. அதெல்லாம் எங்கேதான் இருக்கிறது?

போன மாதம் என் மாமனார் தவறிவிட்டார். பிறகு விரிவாக எழுதுகிறேன்.

உன்
அன்புக்கரசி

சென்னை,
15.6.2009

அன்புக்கு,

மாமனார் செய்தி வருத்தமாக இருந்தது. உன் நாத்தனார் பெரியநாயகியை நினைத்துக்கொண்டேன். கணவரும் இல்லாத அவருக்கு அப்பா ஒருவர்தானே துணை. இன்னும் செராமிக் பட்டறையில் பொம்மைக்கு வண்ணம் பூசுகிறாரா?

நீ கேட்டதற்கு வருகிறேன். இங்கே இதைக் கிளவுட் என்கிறார்கள். மேகத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு ஊர்களில், காவல் போட்ட கட்டடங்களில் இயந்திரங்கள் ஓடுகின்றன. ஒன்று நின்றால் மற்றது கொடுக்கும். வழியில் வேறு யாரும் படிக்க முடியாது. எனக்குப் பெருமை வேறொன்றில். யார், எந்த நேரத்தில், எதை மாற்றினார் என்பது தனியாகப் பதிவாகும். நீங்கள் அழித்தாலும் முதலில் இருந்தது அங்கேயே இருக்கும். ஜன்னலுக்கு வெளியே நிற்பவருக்கு அதுதான் பாதுகாப்பு.

உன்
வளர்மதி

விருத்தாசலம்,
24.6.2009

வளர்,

உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

மாமனாரின் வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பம் என் மேசைக்குத்தான் வந்தது. விசாரணையில் மூன்று பெயர்கள்: என் வீட்டுக்காரர், அவருடைய அண்ணன் சக்கரபாணி, பெரியநாயகி அண்ணி. பெண்ணாடம் பக்கத்துக் கரும்பு நிலத்தில் அண்ணிக்குப் பங்கு போவதில் அண்ணன் தம்பிக்கு மனமில்லை. "அவதான் கட்டிக்கிட்டுப் போயிட்டாளே. ஒரு பேர எடுக்க இவ்ளோ யோசிக்கிற. நீ இந்த வூட்டு மருமவதான?" என்றார் இவர். பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது பெயரை நான் எடுத்துவிட்டேன்.

அதிகாரி இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போட்டுவிடுவார். ஆனால் என்றைக்காவது யாராவது பழைய பதிவைத் திறப்பார்கள் அல்லவா? நீ அங்கே உள்ளே இருப்பவள். அந்த ஒரு வரியைத் துடைத்துவிடு. உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

அன்பு

சென்னை,
30.6.2009

அன்பு,

என்னால் முடியாது. யாராலும் முடியாதபடிதான் செய்திருக்கிறோம். முடிந்தாலும் செய்யமாட்டேன். உனக்காக ஒரு வரியைத் துடைத்தால், நாளை இன்னொருவர் கேட்பார். பிறகு நனைந்துபோன அந்தக் கட்டுகளே போதுமே.

கையெழுத்து விழுவதற்குள் நீயே பெயரைத் திரும்பச் சேர்க்கலாம். திரையில் காரணம் கேட்கும். உண்மையை எழுது.

இதை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று எழுதத்தான் ஆசை. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நீ மாற்றாவிட்டால் உங்கள் அதிகாரியிடம் நான் சொல்லத்தான் வேண்டியிருக்கும். மன்னித்துக்கொள்.

வளர்மதி

விருத்தாசலம்,
23.7.2009

வளர்மதிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பெயரைச் சேர்த்துவிட்டேன். காரணத்தில், "குடும்பத்தார் கேட்டதற்காக நான் நீக்கினேன். தவறு என்னுடையது" என்று எழுதினேன். அதிகாரி கூப்பிட்டு மெமோ கொடுத்தார். வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை.

நேற்று அண்ணி சான்றிதழ் வாங்க வந்தார். ஐந்து நிமிடத்தில் கைக்குக் கிடைத்தது. விரலெல்லாம் நீல வண்ணம். மூன்று பெயரையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"எம்பேர எடுத்துட்டாங்கன்னு சொன்னாங்களே. யாரு அன்பு?"

"நான்தான் அண்ணி."

"திரும்பப் போட்டது?"

"அதுவும் நான்தான்."

சான்றிதழை மடித்துப் பையில் வைத்தார். டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். "வேணாம். பட்டறைக்கு நேரமாவுது," என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, "போயிட்டு வரேன்," என்றார். நான் அழுதுவிட்டேன்.

நீ செய்தது சரி. அண்ணியின் கையில் அந்தக் காகிதத்தைப் பார்த்தபோது நன்றாகவே புரிந்தது. ஆனாலும் நீ எனக்குக் கெடு வைத்தது இன்னும் தைக்கிறது. அது ஆறும்வரை நான் எழுதமாட்டேன். நீயும் எழுதாதே. ஆறிய பிறகு நானே எழுதுகிறேன்.

அம்மாவைப் பார்த்துக்கொள்.

அன்புக்கரசி