கப்பல்காரன் பெண்டாட்டி என்ன ஆனாள்?

என் உயிர் மாமாவுக்கு,

உலையில் அரிசி போடாமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. வாசலுக்குப் போகிறேன், வருகிறேன், மறுபடியும் போகிறேன். நீ இருந்தால், "இன்னா மே, வலையில சிக்குன மடவ மீனு மாரி துள்ளினுகீற?" என்று கேட்டிருப்பாய்.

நேற்று கிராமக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசிவிட்டேன் மாமா. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

அந்த ஐப்பசியில் முகத்துவாரத்து அலை படகைக் கவிழ்த்து உன் தொடை எலும்பை முறித்ததே, அங்கிருந்து வந்த வினைதான் எல்லாம். புத்தூர் கட்டுப் போட்டு, அசையக் கூடாது என்றுவிட்டார் வைத்தியர். அசையாமல் இருப்பதா, நீயா? காற்றுத் திரும்பினால் படுத்தபடியே கத்துவாய்: "வாடை ஏறிடுச்சி, எவனாவது வலைய எட்த்தானா பாரு!" கைக்கு எட்டிய சொம்பும் தட்டும் பறக்கும். பிள்ளைகள் உன் பக்கம் வரவே பயந்தார்கள். எலும்பு கூடிவிடும், உன் புத்தி கலங்கிவிடுமோ என்றுதான் எனக்கு நடுக்கம்.

நண்டுக் கூடையோடு பழவேற்காட்டுக்குப் போனபோது, கூடையை வெளியே வைத்துவிட்டு நூலகத்துக்குள் நுழைந்தேன். ஈரப் புடவை, மீன் வாடை. நூலகர் மூக்கைப் பொத்துவார் என்று பார்த்தால், நாற்காலியை நகர்த்திப் போட்டார். "கடல்ல போறவருக்கா? அப்ப கடலையே எட்த்துனு போம்மா" என்று ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்தார்.

நீ அதைச் சுவரில் வீசினாய். "நான் இன்னா கலெக்டர் பரீச்சையா எழுதப் போறேன்?"

மறுநாள் சந்தையிலிருந்து திரும்பினால், உன் கையில் அதே புத்தகம். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு உனக்கு. வரிக்கு அடியில் விரலை வைத்து, உதடு அசைய, எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாய். பனிக்கடலில் உறைந்துபோன ஒரு கப்பலின் கதை அது. அதிலிருந்தவர்களும் உன்னைப்போல நகர முடியாதவர்கள் என்பதாலோ என்னவோ, நீ கீழே வைக்கவே இல்லை.

படித்து முடித்த அன்று சோறு வேண்டாம் என்றாய்.

"ஏன் மாமா, எல்லாரும் செத்துட்டாங்களா?"

"இல்ல மே, ஊரு வந்து சேந்துட்டாங்க. ஆனா அந்தக் கப்பல்காரன் பொண்டாட்டி இன்னா ஆனா? அவன் வர்ற வரிக்கும் இன்னா பண்ணினிருந்தா? அத எழுதவே இல்லியே." தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். "நான் கவுந்த அன்னிக்கி நீ இன்னா பண்ண?"

கல்யாணமாகி அதுவரை என்னைப் பற்றி நீ இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. அலை ஓரத்தில் நின்றதைச் சொன்னேன். 'வூட்ல மண்ணெண்ண தீந்துபோச்சே' என்ற நினைப்புத்தான் அந்த நேரத்தில் ஓடியது என்றும் சொன்னேன். புருஷன் போய்விட்டானோ என்று தெரியாமல் நிற்கும்போது அப்படியும் ஒரு நினைப்பு வருமா? நீ சிரிக்கவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னாய்.

அதற்குப் பிறகு எத்தனை புத்தகம் சுமந்து வந்தேன்! ஒவ்வொன்றிலும் எழுதாமல் விட்ட ஆளைத் தேடுவாய். படித்தால் மனசு அடங்கும் என்று நூலகர் சொல்லியிருந்தார். உன் மனசு எங்கே அடங்கியது? தட்டை வீசிய கை பென்சிலைப் பிடித்தது, அவ்வளவுதான்.

ஆடித் திருவிழாவுக்கு நீயே ஒரு கூத்துக் கட்டினாய். கடலுக்குப் புருஷனைக் கொடுத்த ஒருத்தியின் கதை. ஏரியில் யார், என்றைக்கு, எந்த இடத்தில் வலை போடுவது என்று கிராமம் முறை வைக்கிறதே, அந்தப் பாடு ஆண்களுக்கு மட்டும்தானே? உன் கூத்தில் அவள் வந்து, "என் புருசன் பாட்ட எனக்குக் குடு" என்று கேட்டாள். சேலை கட்டி அந்த வேஷம் போட்டது உன் தம்பி முருகேசன்.

"பொம்பள எறங்குனா ஏரி வத்திப்பூடும்!" என்று பெரியவர்கள் கத்தி, பாதியில் விளக்கை அணைத்தார்கள். நீ கோலை ஊன்றி எழுந்து, "கூத்துதானே, இன்னாத்துக்கு நடுங்கறீங்க?" என்றாய். இனி நீ கூத்துக் கட்டவே கூடாது என்று தீர்ப்பானது. வீட்டுக்கு வந்து அடுத்த கூத்தை எழுத ஆரம்பித்தாய். அது முடிவதற்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நேற்றைய கூட்டத்தில், உன் பாடு இனி முருகேசனுக்கு என்றார்கள். நான் எழுந்துவிட்டேன். நீ எழுதிய வசனம் நாக்கு நுனி வரை வந்தது. வாயைத் திறந்தால் வேறு பேச்சு.

"அவரு வலையில பாதி நான் பின்னுனது. எது ஆம்பள கை, எது பொம்பள கைனு மீனுக்குத் தெரியுமா?"

"கூத்துக்காரன் பொண்டாட்டி கூத்தாடறா" என்றார் ஒரு பெரியவர். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஆமா, கூத்துதான். இப்ப பகலு. எந்த வெளக்க அணைப்பீங்க?"

சிரிப்பு நின்றது. முருகேசன் எழுந்தான். "அண்ணி சொல்றது ஞாயம். அந்தப் பாடு எனக்கு வாணாம்."

கடைசியில், பாடு நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்கள். ஆனால் பேர் நம் பையனுடையது. அவன் வளரும்வரை வலை போட வேறொரு ஆண் போக வேண்டும். என் பேரைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. இது ஜெயிப்பா மாமா? நீ என்ன சொல்லியிருப்பாய்? ஊரே என்னைத் தைரியசாலி என்கிறது. எனக்கோ நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

ஏரிக்கு அந்தப் பக்கம் ராக்கெட் விடுகிறார்கள். நம் படகுகளுக்கும் மோட்டார் வரும் என்கிறார்கள். எனக்குள்ளும் ஏதோ கிளம்பிவிட்டது. நீ விட்டுப்போன கூத்தை முடிக்கப் பார்த்தேன். உன் வழியில் வரமாட்டேன் என்கிறது. அதனால் என் வழியில் ஒன்று எழுதுகிறேன். நடுவில் தடுக்கும்போதெல்லாம் ஒரு புத்தகத்தை எடுத்துக் கொஞ்சம் படிக்கிறேன். எங்கிருந்தோ ஒரு கதவு திறக்கிறது.

கிராமத்தார் என் பேரை வாயால் சொல்லும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நிற்பேன். வருகிற ஆடியில் சேலை கட்டிய ஆண் யாரும் வேண்டாம். நானே ஏறி, என் குரலில் பேசுவேன். பயமாகத்தான் இருக்கிறது. பேசுவேன் மாமா.

உன் அத்தை மகள்,
உன் பிள்ளைகளின் அம்மா,
மரகதம்