ஒரு கையால் மட்டும்

செவ்வாய்க்கிழமை, இரவு.

மகன் அனுப்பிய அடுக்கு ஆட்டத்தை ஆட, சாயங்காலம் கடைக்காரர் காதர் அண்ணன் வந்தார். இதில் முறை கிடையாது. இருவரும் ஒரே நேரத்தில் வில்லைமேல் வில்லை வைக்கலாம். மேலே யார் வில்லை இருக்கிறதோ, அடுக்கு அவருக்கு. ஏலத்தோட்டத்தில் காய் பறித்த பழக்கத்தில் இரண்டு கையையும் போட்டு ஜெயித்துவிட்டேன்.

"என்னடா தம்பி, ஏலக்காயா எடுக்குற? ஆட்டத்தோட வந்த விதித் தாள்ல என்ன போட்டிருக்குன்னு படி!"

எழுத்துக்கூட்டிப் படித்தேன். இந்த வயதில் கற்றுக்கொண்ட எழுத்தெல்லாம் எனக்குப் பிடிபடுகிறதே என்று ஒரே சந்தோஷம். 'ஒரு கையால் மட்டும்' என்ற வரியை மட்டும் படிக்காமல் விட்டேன்.

"எனக்கு எழுத்துத் தெரியாது. படிச்சவன் நீ. சொன்னா சரியாத்தேன் இருக்கும்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

இந்த வீட்டுக்கு வருகிறவர் அவர் ஒருவர்தான். விடிந்ததும் தாளோடு கடைக்குப் போய், அந்த வரியைச் சத்தமாகப் படிக்கப் போகிறேன். ஏசினால் ஏசட்டும்.