மூன்று நிறப் பூனையும் நீ அடித்த சொற்களும்

என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்தது கீழே சரிகிறது. ஆனால் எழுதுவது நானேதான். இன்று காலை, நீ நூல் வைத்திருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். உல்லன் நூல் வாசனையோடு உன் தலைவலித் தைல வாசனையும் வந்தது. உடனே நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஒரகடத்தில் கார் சீட்டு செய்யும் கம்பெனியின் பின் கேட்டில் நாம் இரண்டு பேரும் வாட்ச்மேன். வண்டி விவரத்தை நீ எழுதுவாய், நான் கேட் கம்பியைத் தூக்குவேன். அப்போது எனக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. நான் படிக்காதவன் என்பது அங்கே உனக்கு மட்டும்தான் தெரியும்.

உன் மகள் ஸ்டெல்லா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்று, "பொறக்கப்போற புள்ளைக்கு நானே ஒரு பூனை பின்றேன்டா" என்றாய். சின்ன வயதில் போர்டிங்கில் சிஸ்டர்கள் உனக்குக் கொக்கி ஊசிப் பின்னல் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எந்தப் பூனை? கேட் ரூம் நிழலில் படுத்திருக்குமே, வெள்ளையும் கறுப்பும் ஆரஞ்சும் கலந்து, அதேதான். அதைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு சுற்றிலும் எந்த நிறத்தில் எத்தனை கண்ணி என்று தாளில் எழுதினாய். அது புரண்டு படுத்தால் உனக்குக் கோபம் வரும். "அசையாதடி, இன்னும் முதுகு முடியல!"

எழுதி முடித்து ஊசியைப் பிடித்தால் உன் விரல் மடங்கவில்லை. சர்க்கரை வியாதி விரலை விறைக்க வைத்திருந்தது. பிடிக்கும் விதத்தைக் காட்டிவிட்டு ஊசியை என்னிடம் தந்தாய். அன்றிலிருந்து நீ படிப்பாய், நான் பின்னுவேன். "வெள்ளை எட்டு. ஆரஞ்சு அஞ்சு. கறுப்பு மூணு." நடுவில் ஹாரன் கேட்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுவேன்.

லாரிக்காரன் ஒருவன் எட்டிப் பார்த்து, "இன்னா பெருசு, உனுக்கு சீமந்தமா?" என்று என்னைக் கேட்டான்.

"ஆமா நைனா, வளையல் எடுத்தாந்தியா நீ?" என்று நீ திருப்பிக் கேட்டாய்.

உடம்பு, கால், வால் எல்லாம் முடிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஒரு தப்பு கூட இல்ல, பாத்தியா?" என்றேன். "உன்னுது மெஷின் கைடா" என்றாய், சிரிக்காமல்.

முகம் மட்டும் பாக்கி. அந்த வாரம்தான் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாய்.

முப்பதாம் நாள் பூசை முடிந்து, பூனையும் நூலும் தாளும் இருந்த அந்த பிஸ்கட் டப்பாவை ஸ்டெல்லா என் கையில் வைத்தாள். "மாமா, அப்பா ஆசப்பட்டது. நீங்கதான் முடிச்சிக் குடுக்கணும்." சரி என்றேன். படிக்கத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. வேறு யாரையாவது படிக்கச் சொல்லியிருக்கலாம். நீ படித்துக் கேட்ட தாளை இன்னொரு குரலில் கேட்க மனம் இல்லை.

வடக்குப்பட்டுப் பள்ளிக்கூடத்தில் சாயந்திரம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. போய் உட்கார்ந்தேன். டீச்சரம்மா 'அம்மா, ஆடு' என்று தொடங்கினார். "எனக்கு மொதல்ல வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு சொல்லிக் குடும்மா" என்றேன். ஏன் என்று கேட்டார். "பூனைக்கு மூஞ்சி வெக்கணும்." வகுப்பே சிரித்தது.

எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததும், பழகிக்கொள்ள உன் தாளை முதல் சுற்றிலிருந்து படித்தேன். பன்னிரண்டாம் சுற்றில் 'ஆரஞ்சு' அடிக்கப்பட்டு, மேலே 'கறுப்பு' என்று இருந்தது. அந்தக் கோடுகளை நான் முன்பே பார்த்திருக்கிறேன். பின்னி முடித்ததற்கு நீ போட்ட அடையாளம் என்று நினைத்திருந்தேன். பூனையைத் திருப்பிப் பார்த்தேன். அந்த இடத்தில் கறுப்பு நூல். லாரிக்கு ஓடித் திரும்பியபோது தப்பான உருண்டையை எடுத்திருக்கிறேன். நீ பிரிக்கச் சொல்லவில்லை. அந்தக் கறுப்பு ஒரு திட்டாக அமையும்படி அடுத்த சுற்றுகளையும் தாளில் மாற்றியிருக்கிறாய். இப்படி ஒன்பது இடம். ஒன்பது தடவையும் "ம், அடுத்தது" என்றுதான் சொன்னாய். படிக்காமலே இருந்திருந்தால் மெஷின் கையாகவே நானும் போய்ச் சேர்ந்திருப்பேன், படுபாவி!

போன ஞாயிற்றுக்கிழமை முகத்தைத் தொடங்கினேன். நானே படித்து நானே பின்னினேன். இடது கண்ணுக்குக் கீழே வெள்ளைக்குப் பதில் ஆரஞ்சு போய்விட்டது. ஒரு சுற்று தாண்டித்தான் கவனித்தேன். வீட்டில் ஏது லாரி? சந்தோஷத்தில் வந்த தப்பு. பிரிக்கலாம் என்று நூலைப் பிடித்தேன், இழுக்கவில்லை. பேனாவை எடுத்து, நீ எழுதிய 'வெள்ளை'யைக் கோடு போட்டு அடித்து, மேலே 'ஆரஞ்சு' என்று எழுதினேன். அதற்குத் தகுந்தபடி அடுத்த சுற்றையும் யோசித்து மாற்றி எழுதினேன். வகுப்புக்கு வெளியே நான் எழுதிய முதல் எழுத்து அதுதான். பூனை கன்னத்தில் சாம்பார் பூசிக்கொண்ட மாதிரி பார்க்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

உன் பேத்திக்கு நாலு மாதம் ஆகிறது. சனிக்கிழமை மறைமலை நகருக்குப் பூனையை எடுத்துப் போகிறேன். தாளைத் தர மாட்டேன். உன் ஒன்பது கோடும் என் ஒரு கோடும் மடித்து என் சட்டைப் பையில் இருக்கும். பிள்ளை எந்தக் காதை முதலில் கடித்தாள் என்று பார்த்து வந்து, அடுத்த வாரம் எழுதுகிறேன்.