முள் ஏறாத பத்து நாள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எங்கள் உடம்புக்கெல்லாம் ஒரு குறையும் இல்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். போனில் பேசாமல் இது என்ன புதுப் பழக்கம் என்று நினைப்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் உன் மாமா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. கையெழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரிந்துவிடும்.

விஷயம் ஜீப்தான். மலைமேல் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேலை மாமாவுக்குக் கிடைத்ததையும், பதினோரு பிள்ளைகளும் ஒரு டீச்சரும் தினமும் அதில்தான் போகிறார்கள் என்பதையும் முன்பே சொல்லியிருக்கிறேன். நம் குட்டியும் அதில்தான் போய்க்கொண்டிருந்தாள்.

சமதரையில் வண்டி சமர்த்தாக ஓடுகிறது. ஏற்றம் தொடங்கி முதல் கியரில் ஊர ஆரம்பித்தால் நாலாவது வளைவுக்குள் ஹீட் மீட்டர் முள் சிவப்புக்குப் போய்விடும். போன மாதம் முழுக்க இதே கதை. வண்டிக்குள் சூடு வருமே, அந்த ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டால் என்ஜின் கொஞ்சம் ஆறும் என்று யாரோ சொன்னார்களாம். வெயில் நேரத்தில் அதையும் செய்து பார்த்தார். பிள்ளைகள் வேர்த்து வழிய இறங்கினார்கள். முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பொடிசு, "அங்கிள், இட்லியெல்லாம் வெந்துருச்சு, எறக்கிருங்க" என்றதாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் உன் மாமா. நானும் சிரித்தேன்.

அப்புறம் ஒருநாள் நடு ஏற்றத்தில் ஆவி கிளம்பி, பிள்ளைகள் எல்லாம் இறங்கி ஓரமாக நின்றார்கள். அதைப் பார்த்த யாரோ போய்ச் சொல்ல, பள்ளிக்கூட மேனேஜர், "இன்னொரு தடவை பொகையப் பாத்தேன்னா வேற வண்டி பாத்துக்குவேன்" என்றுவிட்டார். மறுநாள் காலையில் மாமா இரண்டு மணி நேரம் வண்டிக்கடியில் படுத்திருந்தார். எழுந்து வந்து, "சரி பண்ணிட்டேன்" என்றார். அன்றிலிருந்து பத்து நாள் முள் ஏறவே இல்லை. எனக்கும் நிம்மதியாக இருந்தது. எப்படிச் சரியானது என்று ஒரு வார்த்தை கேட்டேனா? கேட்கவில்லை. உன் பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே பாதி வேலை கற்றவள் என்று பீற்றிக்கொள்கிறவள் நான்.

நேற்று வண்டிக்குள் மண் கூட்டினேன். மீட்டருக்குப் போகும் ஒயர் கழன்று தொங்கியது. தானாகக் கழன்றது இல்லை. நறுக்கி, நுனியில் கறுப்பு டேப் சுற்றி, ஆடாமல் இருக்க நூல் போட்டுக் கட்டியிருந்தது. அவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறவர் எங்கள் வீட்டில் ஒருவர்தான்.

இன்று பள்ளிக்கூடம் லீவு. காலையில் அவர் முடி வெட்டப் போன நேரத்தில் நானே பார்த்தேன். வண்டி நேற்றிலிருந்து நின்றதால் என்ஜின் சில்லென்று இருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீர் கண்ணில் படவில்லை. ஊற்றினால் ஒன்றரைச் சொம்பு பிடித்தது. தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை, ஹோஸ் எங்கும் கசிவு இல்லை. மூடாமலே ஸ்டார்ட் செய்தேன். உடனே உலை கொதிப்பதுபோல் குமிழி குமிழியாக வந்தது. விரலை விட்டால் தண்ணீர் இன்னும் பச்சைத் தண்ணீர்தான். பின்னால் வெள்ளைப் புகை. ஆயில் குச்சியை உருவினால் பால் ஊற்றிய டீ நிறம். என்ஜினுக்குள் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இத்தனைக்கும் ஆரம்பம் எது தெரியுமா? ஃபேனைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூடு இருக்குமே, அது விரிசல் விட்டதென்று மூன்று மாதம் முன்னால் கழற்றிப் போட்டார். காற்றை ரேடியேட்டர் வழியாக இழுத்துக் கொடுப்பதே அதுதான் என்று நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய்! அதைக் கவிழ்த்து நான் விறகை மூடி வைத்திருக்கிறேன். மெதுவாக ஏறும்போது மட்டும் ஏன் சூடாகிறது என்று நாங்கள் இரண்டு பேரும் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இதுவரை எழுதியது வண்டியின் கோளாறு. மீதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

போன வாரம் வியாழக்கிழமை ஆறாவது வளைவில் என்ஜின் நின்றுவிட்டதாம். பிரேக் மிதி கல் மாதிரி இறுகிப்போய், எவ்வளவு மிதித்தும் பிடிக்காமல் வண்டி பின்னால் நகர்ந்திருக்கிறது. அந்த இடத்தில் ஓரச்சுவர் கிடையாது, கீழே பள்ளம். டீச்சர் குதித்து, சக்கரத்துக்குக் கல் வைத்திருக்கிறார். நேற்றுச் சாயங்காலம் கடையில் பார்த்தபோது வேடிக்கைபோல அவரே சொன்னார்: "ரெண்டடி பின்னாடி போச்சுங்க, பிள்ளைங்க ஊஞ்சல்னு நெனச்சு இன்னொரு தடவ, இன்னொரு தடவன்னு கத்துதுங்க." மாமா இதை வீட்டில் மூச்சு விடவில்லை.

ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில் குட்டியைப் பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்றார். லேசாக இருமுகிறாளாம். இந்த வாரம் திங்களும் செவ்வாயும் அதே இருமல். புதன்கிழமை, வண்டியில் இடம் நெருக்கடி என்றார். நானும் தலையாட்டிக்கொண்டு அவளுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு இருமலே இல்லை, தம்பி. நம் பிள்ளையை இறக்கிவிட்டுவிட்டு மற்ற பத்துப் பேரையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

நேற்றிலிருந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறேன். பயம் அந்தப் பள்ளத்தை நினைத்தா, இவரை நினைத்தா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

உறை கனமாக இருந்திருக்கும். உள்ளே இருப்பது வண்டிச் சாவி. மாற்றுச் சாவி கிடையாது. தெருமுனைத் தபால் பெட்டியில் இதைப் போட்டுவிட்டு, நாளைக்கு வண்டி வராது என்று டீச்சர் வீட்டிலும் பிள்ளைகள் வீடுகளிலும் சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன். சாவி இல்லாமல் கிளப்ப அவருக்குத் தெரியும், கால்மணி நேர வேலை. கிளப்புவதானால் நான் எதிரே நிற்க, குட்டி பார்க்கக் கிளப்பட்டும். என்ஜினைப் பிரிக்க யாரைக் கூப்பிடுவது, என்னென்ன மாற்றுவது என்று உடனே எழுது. வேலை முடிந்து நான் சொன்ன பிறகு சாவியை அனுப்பு.

அவருக்குத் தனியாக எழுது, ஆனால் திட்டாதே. வேலை போய்விடும் என்ற பயம் அவரை இப்படிச் செய்ய வைத்துவிட்டது. என்னைவிட உனக்கு அவரை அதிக நாள் தெரியும். உன் சிநேகிதனாகத்தானே முதலில் நம் வீட்டுக்கு வந்தார். அவர் கெட்டவர் இல்லை என்று எனக்கு ஒரு வரி எழுது, தம்பி. நானே சொல்லிக்கொண்டால் நம்ப முடியவில்லை.

நீ போகும் வண்டியெல்லாம் உன்னைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும்.

உன் அக்கா