சுருக்கம் மட்டும் திறந்திருந்தது

அன்புள்ள மருமகளுக்கு,

இந்த நகரத்து லிஃப்டுகள் அனைத்துக்கும் சக்கரவர்த்தியும், மேலே போகிறவர்களையும் கீழே வருகிறவர்களையும் ஒரே மரியாதையோடு நடத்துகிறவனும், நீ பிறந்த அன்று மருத்துவமனைக் கூரை அதிரக் கத்தியது நீயா நானா என்ற வழக்கு இன்னும் தீராமல் இருக்கும் உன் ஒரே தாய்மாமனுமாகிய நான் ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்றுதான் விரல் போகிறது. முதல் சொல்லை இந்த முறை விட்டுவிடுகிறேன். நலமறிய ஆவல்.

இப்போது நான் சொல்லப் போகும் கதையை ஒருவரும் நம்பப் போவதில்லை. என் மீசை மேல் ஆணையாகச் சொல்கிறேன். இதே மீசையை ஒருமுறை லிஃப்டின் எஃகுக் கயிறு அறுந்தபோது நடுவில் முடிச்சுப் போட்டு, எட்டுப் பேரைப் பத்திரமாகத் தரைத்தளத்தில் இறக்கியிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். அந்தக் கதையைச் சின்ன வயதில் வாய் பிளந்து கேட்டவள் நீ. இதையும் அப்படியே கேள்.

ஃபோனில் சொல்லியிருக்கலாமே என்பாய். முடியாது. நான் உன்னோடு பேசும்போதெல்லாம் உன் அம்மா எதிரில் உட்கார்ந்து என் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் மருத்துவமனை மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் அறைக்குள், எண்ணெய் டின் மேல் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். மோட்டார் ஓடும்போது சுவரே நடுங்குகிறது. எழுத்துப் பிழை இருந்தால் அது மோட்டாருடையது.

“அம்மா எங்க மாமா, ஏன் அம்மா பேசவே மாட்டேங்கறாங்க?” என்று கொஞ்ச நாளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். நானும் பதில் சொல்லாமல் இல்லை. காய்கறிக்காரனோடு வாதாடப் போனவள், வழக்கு மேல்முறையீட்டுக்குப் போய்விட்டதால் திரும்பவில்லை என்றேன். தொண்டையை வங்கி லாக்கரில் வைத்துவிட்டாள், சாவி மேனேஜரிடம் இருக்கிறது என்றேன். வீடியோவில் ஏன் முகம் காட்டவில்லை என்றதற்கு, கேமரா மேல் புறா முட்டையிட்டிருக்கிறது, பொரிக்கும்வரை தொந்தரவு செய்யக்கூடாது என்றேன். நீயும் சிரித்தாய். சிரிப்பு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைந்துகொண்டே வந்ததை நான் கவனிக்காமல் இல்லை.

உன் அம்மாவுக்குக் காது கேட்கவில்லை. இரண்டு காதும். இனி கேட்காது என்கிறார்கள்.

அவள் கால் புண் ஆறிவிட்டது என்று சொன்னேன் அல்லவா? அது நிஜம். ஆறிய விதத்தைத்தான் சொல்லவில்லை. புண் எலும்பு வரை இறங்கி, பாதத்தை எடுத்துவிடலாம் என்ற பேச்சு வந்துவிட்டது. எலும்பு மருத்துவரை உனக்குத் தெரியாது. நாங்கள் வைத்த பெயர் ஒட்டடைக்கம்பு. நிமிர்ந்து நடந்தால் விளக்கில் இடித்துக்கொள்வார் என்பதற்காகக் கட்டடத்தையே உயர்த்திக் கட்டினார்கள் என்று நான் வார்டு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். நல்ல மனிதர். அந்தப் பாதத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று சாப்பாட்டைக்கூட மறந்து கணினியில் தேடியவர்.

தேடியவருக்கு ஒரு கட்டுரை கிடைத்தது. புது ஊசி, இன்ன அளவில் நீண்ட நாள் போட வேண்டும், எலும்பில் இறங்கிய கிருமியையும் கொன்றுவிடும், பக்கவிளைவுகள் பொதுவாகத் தாங்கக்கூடியவை. இவ்வளவும் கட்டுரையின் சுருக்கத்தில் இருந்தது. சுருக்கம் மட்டும்தான் திறந்திருந்தது, மீதிக்குப் பணம் கட்ட வேண்டும். எங்களுக்குக் காட்டுவதற்காகத் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். உன் அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள். அடுத்த கணம் என் தோளில் ஓங்கி ஓர் அடி.

“டேய், இது நம்ம புள்ளடா! பேரைப் பாருடா!”

பார்த்தேன். நீதான். முதல் பெயரே நீ. நான் சும்மா இருப்பேனா? எழுந்து நின்று, இதை எழுதியது எங்கள் வீட்டுப் பெண், அவளுடைய மூளையைக் காட்சிக்கு வைக்கச் சொல்லி ஏழு நாட்டு அரசுகள் வரிசையில் நிற்கின்றன என்று அறிவித்தேன். ஒட்டடைக்கம்பு சிரித்தார். முந்தின வாரம்தான் அவரிடம் லிஃப்டில் ஒரு தளம் தாண்டிப் போய்ச் சந்திரனில் இறங்கி வந்ததாகச் சொல்லியிருந்தேன். அதில் இதையும் சேர்த்துவிட்டார். உன் அம்மா மட்டும் யோசிக்கவே இல்லை. ரவிக்கைக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, “போடுங்க டாக்டர். எம்பொண்ணு எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும்” என்றாள்.

சரியாகத்தான் இருந்தது. கால் பிழைத்தது. நீ பொய் எழுதவில்லை மருமகளே, இதை முதலில் மனதில் வை.

ஊசி போட ஆரம்பித்த பிறகு ஒரு நாள், “எங்கடா குக்கர் விசில் அடிச்சுக்கிட்டே இருக்கு, எவளாச்சும் இறக்கித் தொலைங்களேன்” என்றாள். வார்டில் ஏது குக்கர்? அப்புறம் நான் சொன்ன நகைச்சுவைக்குச் சிரிக்காமல் என் முகத்தையே பார்த்தாள். என் நகைச்சுவைக்கு யாராவது சிரிக்காமல் இருந்தால் ஒன்று அவர்களுக்கு உயிர் இல்லை, இல்லையென்றால் காது இல்லை என்பது என் அனுபவம். அப்போதுதான் நீ போன லீவில் வந்தபோது உன் ஊசி ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது. “கிட்னி சரியில்லாதவங்களுக்கு அளவைக் குறைக்கணும் மாமா. இல்லன்னா காதுதான் முதல்ல போகும். அதுக்குன்னே உள்ள ஒரு அட்டவணை போட்டிருக்கேன்.” உன் அம்மாவின் சிறுநீரகத்தைச் சர்க்கரை எவ்வளவு தின்றிருக்கிறது என்பது நம் இருவருக்கும் தெரியும்.

மாடிப்படியில் ஓடினேன். லிஃப்டுக்காகக் காத்திருக்க முடியவில்லை, நானே! ஒட்டடைக்கம்பிடம் சொன்னேன். அவர் அன்றே ஊசியை நிறுத்தினார். ஆனால் அட்டவணை என்றதும் தலையை ஆட்டினார். “வயசாலயும் இருக்கலாம், காய்ச்சலாலயும் இருக்கலாம். நீங்க சொல்றீங்கன்னு மத்தவங்களுக்குப் போடற அளவை நான் மாத்த முடியாதுங்க. எவ்வளவு குறைக்கணும், எப்போ ரத்தம் எடுத்துப் பாக்கணும், அது வேணும் எனக்கு. அந்தப் பக்கத்தைக் காட்டுங்க.”

பக்கத்தைக் காட்டப் புறப்பட்டேன். அந்த இணையதளக் கதவு இருக்கிறதே, நான் பழுது பார்த்த எந்தக் கதவும் அவ்வளவு அகம்பாவம் பிடித்ததில்லை. எந்த நிறுவனம் என்று கேட்டது. அகில உலக மேலேகீழே ஆராய்ச்சிக் கழகம் என்று தட்டினேன். அப்படி ஒன்று பட்டியலில் இல்லையாம். சரி, பணம் கட்டித் தொலைக்கிறேன் என்றால், என் அட்டையை வெளிநாட்டில் வாங்கமாட்டார்களாம். மருத்துவரின் அட்டையையும் வாங்கவில்லை. அவர் அதற்கு முன்பே, ஊசி தொடங்குவதற்கு முன்பே, கட்டுரையை அனுப்பும்படி உனக்கு மெயில் போட்டிருக்கிறார். சுருக்கத்துக்குக் கீழே இருந்த முகவரிக்கு. அது நீ விட்டுவந்த பழைய வேலையிடத்து முகவரி. திரும்பி வந்துவிட்டது. அதை எனக்குக் காட்டினார். அவர் மேல் கோபப்படாதே. கேட்க வேண்டிய கதவையெல்லாம் தட்டிவிட்டுத்தான் திறந்திருந்ததை வைத்து வைத்தியம் பார்த்தார்.

உன்னிடம் அப்போதே கேட்டிருப்பேன். உன் அம்மா விடவில்லை. என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். காது போனதிலிருந்து அவளுக்குத் தன் குரலின் அளவு தெரிவதில்லை. வார்டு முழுக்கக் கேட்கும்படி, “அவகிட்ட சொன்னே, எனக்குத் தம்பியே இல்ல. அது தன்னாலதான்னு நெனச்சுக்கும்டா. அப்புறம் பேனாவே எடுக்காது” என்று கத்தினாள். செவிலியர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆகவே புறா முட்டையிட்டது.

இன்று அந்தச் சத்தியத்தை ஏன் மீறுகிறேன் என்றால், பக்கத்துக் கட்டிலுக்காக.

உன் அம்மா படுத்திருந்த கட்டிலுக்கு அடுத்ததில் ஒரு பெண். கைக்குழந்தைக்காரி. உன்னைவிடச் சின்னவள். எலும்பில் அதே கிருமி, பிரசவத்தில் கெட்டுப்போன சிறுநீரகம். குழந்தையைக் கீழ்த்தளத்தில் அவள் மாமியார் வைத்துக்கொண்டிருக்கிறார். அது அழுதால் ஜன்னல் வழியாக இவளுக்குக் கேட்டுவிடும். “எனக்குக் கேக்குதுண்ணே, பசிக்கு அழுவுது, தூக்கத்துக்கு இல்ல” என்பாள். எங்கள் யாருக்கும் ஒன்றும் கேட்காது. நான் லிஃப்டைப் பிடித்து வைத்திருந்து மாமியாரை மேலே ஏற்றுவேன். அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

அவளுக்குத் திங்கட்கிழமை ஊசி தொடங்குகிறது. போடாவிட்டால் உயிர் போகும் என்கிறார் ஒட்டடைக்கம்பு, அதில் சந்தேகமில்லை. சுருக்கத்தில் இருக்கும் அளவில் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் அக்கா இருக்கிறாள். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு இருக்கிறது. அது உன் அட்டவணைக்குள் இருக்கிறது. அட்டவணை பூட்டுக்குள் இருக்கிறது.

ஆகவே கண்ணு, இதைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக முழுக் கட்டுரையையும் இதோடு இணைத்திருக்கும் மருத்துவரின் முகவரிக்கு அனுப்பு. அழுவதானால் அனுப்பிவிட்டு அழு. என்னை நம்ப வேண்டாம். என்னை நம்பி யார் நல்லாயிருக்கிறார்கள்? உன் பக்கத்தை நீயே எடுத்துப் பார், நான் சொன்ன வரி அங்கே இருக்கும்.

அதோடு நிறுத்திவிடாதே என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஒட்டடைக்கம்பின் முகவரி நமக்குத் தெரிந்துவிட்டது. தெரியாத ஒட்டடைக்கம்புகள் எத்தனை ஊரில் எத்தனை பேரோ? அவர்களும் தேடுவார்கள், சுருக்கத்தைப் படிப்பார்கள், கதவைத் தட்டிப் பார்ப்பார்கள், அப்புறம் ஊசியை எடுப்பார்கள். நீ எழுதிக்கொடுத்த உரிமை அந்தப் பத்திரிகையிடம் இருக்கிறது என்பதும், உன்னோடு வேலை பார்த்த ஒருவன் தன் கட்டுரையைத் தானே எல்லாருக்கும் திறந்துவிட்டு நோட்டீஸ் வாங்கினான் என்பதும், உன் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற நேரம் இது என்பதும் எனக்குத் தெரியும். “எழுதினது நான்தான் மாமா, ஆனா திறந்து விட எனக்கே உரிமை இல்ல” என்று நீ சொன்னபோது உன் குரல் இருந்த இருப்பை நான் மறக்கவில்லை. அச்சுக்கு முந்தின உன் சொந்தப் பிரதியை வெளியிட ஏதோ வழி இருப்பதாகவும், கேட்டுப் பார்க்கப் பயமாக இருப்பதாகவும் சொன்னாய். கேட்டுப் பார். இல்லை என்றால் சண்டை போடு. அட்டவணையை மட்டுமாவது சுருக்கத்தில் போடச் சொல்.

எங்கள் வேலையில் லிஃப்ட் பெட்டியைக் கழற்றிவிட்டால், ஒவ்வொரு தளத்திலும் கதவுக்கு வெளியே பலகை மாட்டுவோம். குழிக்குள் மாட்டினால் விழுகிறவன் மட்டும்தான் படிப்பான். எனக்குத் தெரிந்த சட்டம் இது ஒன்றுதான்.

வேலை போனால் வா. உனக்கு ஸ்பானர் பிடிக்கக் கற்றுத்தருகிறேன். சக்கரவர்த்திக்கு வாரிசு இல்லை. சாம்ராஜ்யத்தில் எண்ணெய் நாற்றம் கொஞ்சம் இருக்கும், அவ்வளவுதான்.

அம்மாவைப் பற்றி ஒன்று. உனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளிடம் நானே சொல்லிவிடுகிறேன். அடி எனக்கு, உனக்கு வேண்டாம். நீ வீடியோவில் வா. பெரிய எழுத்தில் எழுதிக் காட்டு. மன்னிப்பு என்று மட்டும் எழுதிவிடாதே, அந்தச் சொல்லைப் பார்த்தால் அவள் தாங்கமாட்டாள். சாப்பிட்டாயா என்று எழுது. நீ நூறாண்டு இரு. உன் கை எழுதுவதை நிறுத்தாமல் இருக்கட்டும்.

இத்தனை நாளாக ஃபோனில் நான் அவிழ்த்துவிட்டதெல்லாம் புளுகு. காய்கறிக்காரன் புளுகு, லாக்கர் புளுகு, புறா சுத்தப் புளுகு. ஒன்றே ஒன்று, ரொம்பச் சின்னது, அது மட்டும் நிஜம். போன ஞாயிற்றுக்கிழமை, “அம்மா இங்கதான் இருக்கா, நீ பேசு, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா” என்றேன். நீ நம்பவில்லை, இருந்தாலும் பேசினாய். அவள் என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கிக் கன்னத்தில் அழுத்தி வைத்துக்கொண்டாள். நீ ஸ்பீக்கரில் பேசப் பேச அது அதிர்ந்துகொண்டிருந்தது. நேரமாகிறது, கொடு என்று கையை நீட்டினேன். தட்டிவிட்டாள்.

“இருடா,” என்றாள், “அவ இன்னும் பேசிட்டு இருக்கா.”

இப்படிக்கு,
திங்கட்கிழமைக்குள் உன் பதிலை எதிர்பார்க்கும்
உன் மாமா