இரண்டாம் தட்டு, நான்காம் பாட்டு

அன்பு மகள் புவனேஸுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் முட்டிவலி ஒன்றைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம், அந்த வலியும் அம்மாவுடையது, என்னுடையது இல்லை. அங்கே டப்ளினில் நீயும் மருமகனும் ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவில் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க முருகன் துணையிருக்கட்டும். வாட்ஸ்அப் இருக்கும்போது அப்பா ஏன் தாள் எடுத்து எழுதுகிறார் என்று யோசிப்பாய். என் போனை உன் அம்மா எடுத்துப் பார்ப்பாள். இந்த விஷயம் முதலில் உனக்குத் தெரியட்டும்.

ஸ்கூல் லீவு என்பதால் நம் மலை ரோட்டில் பிரிஞ்சாங்கிலிருந்து கியா பார்ம் வரை கார்கள் நகரவே இல்லை, கால் கிலோ ஸ்ட்ராபெரிக்காக ஜனங்கள் இரண்டு மணி நேரம் ரோட்டில் நிற்கிறார்கள். மழை விடாததால் தேயிலைக் கொழுந்து ஈரமாகவே ஃபேக்டரிக்கு வருகிறது, அதை வாட்டுகிற மாடியில் ஃபேன்கள் ஓயாமல் ஓடுகின்றன, எனக்கும் ஓயாத வேலை. நீ அனுப்பிய பெட்டி போன செவ்வாய் வந்துவிட்டது. அம்மா ஏதோ ஐரிஷ் பிஸ்கட் என்று நினைத்துக் கத்திரிக்கோலோடு ஓடி வந்தாள். உள்ளே இரண்டு பெரிய இசைத்தட்டு, கெட்டி அட்டை, நாற்பது பக்கப் புத்தகம். ‘ரெண்டாம் சங்கு’ குழுவின் ‘லோரி வராத நாள்’, முப்பதாம் ஆண்டு டீலக்ஸ் பதிப்பு. மலையில் ஒரு கேசட்டாக வந்து, கைமாறிக் கைமாறித் தேய்ந்துபோன எங்கள் பாட்டுகளுக்கு இன்றைக்கு இப்படி ஒரு சட்டை போட்டிருக்கிறார்கள். எங்கள் பாட்டு என்று எழுதிவிட்டேன். அட்டையில் பாடின மகேனின் முகம்தான் இருக்கிறது.

புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை என் பெயரைத் தேடித்தான் படித்தேன், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது. தங்கராஜு டிரம்ஸ் என்று இருக்கிறது. அவன் இப்போது லெம்பா பெர்த்தாமில் காய்கறி லோரி ஓட்டுகிறான் என்றுகூடப் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டாம் பக்கத்துப் போட்டோவில் மகேன் பாடுகிறான், தங்கராஜு சிரிக்கிறான், ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது. அந்த முழங்கை நான். எழுதின பையன் கோலாலம்பூர்க்காரன் போல, இது ஆல்டர்நேட்டிவ் ராக், அதில் தோட்டத்தின் இருள் கேட்கிறது, அந்த இருளுக்காகவே மகேன் கிட்டாரை வேண்டுமென்றே தாழ்த்திச் சுதி வைத்தார் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறான். படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. இருளும் இல்லை ஒன்றும் இல்லை. எங்களிடம் சுதி பார்க்கக் கருவி கிடையாது. ஞாயிறு மத்தியானம் வாட்டுகிற மாடியில்தான் வாசிப்போம், அங்கே பெரிய ஃபேன் ஒரே சுதியில் ரீங்கரிக்கும், அதற்குத்தான் கிட்டாரின் தடித்த கம்பியைச் சேர்த்துக்கொள்வோம். ஃபேன் பெல்ட் தளர்ந்தால் அதன் சத்தம் இறங்கும், கூடவே கிட்டாரும் இறங்கும். அந்தப் பெல்ட்டை இறுக்குவது அப்போதும் என் வேலைதான். நான் இறுக்காமல் விட்டதற்குக் கணக்கெழுதும் கிராணியிடம் திட்டு வாங்கினேன், இன்றைக்கு மகேன் அதற்குப் பாராட்டு வாங்குகிறான்.

இதையெல்லாம்கூடத் தாங்கியிருப்பேன். பெட்டிக்குள் நீ வைத்த சீட்டைத்தான் தாங்க முடியவில்லை. இரண்டாம் தட்டில் நான்காம் பாட்டைக் கேளுங்கள் அப்பா, மகேன் அங்கிளின் கிட்டாரைக் கேட்டு எனக்கு அழுகையே வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். புவனேஸ், அது நான். அந்த இரண்டாம் தட்டில் இருப்பதெல்லாம் ஈப்போவுக்குப் பதிவுக்குப் போவதற்கு முன்னால் மாடியில் தங்கராஜுவின் டேப் ரேடியோவில் பிடித்த ஒத்திகை. அப்போது மகேனுக்குப் பாட மட்டும்தான் தெரியும், கிட்டாரை என் விரலைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டான். பெற்ற மகள் என் வாசிப்புக்கு அழுதுவிட்டு இன்னொருத்தன் பெயரைச் சொன்னால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்.

அப்படியானால் கேசட்டில் ஏன் நீங்கள் இல்லை என்று கேட்பாய். ஈப்போ பதிவுக்குத் தோட்டத்துத் துரை லீவு கொடுக்கவில்லை என்று சின்ன வயதிலிருந்து உனக்குச் சொல்லி வந்தேன். உன் அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். துரை லீவு கொடுத்தார். அட்டையில் மகேன் படம் மட்டும் போதும் என்று ஈப்போ கேசட் கம்பெனிக்காரர் சொல்லிவிட்டார், அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு அவன் சாப்பிடுவதைப் பார்த்தால்கூட ஆத்திரம். வேன் வந்த அன்று காலையில் நான் லைன் வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில் நின்றேன். மூன்று தடவை ஹார்ன் அடித்தார்கள். மகேன் இறங்கி வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான், நான் மூச்சுக்கூட விடவில்லை. பிறகு கேசட் அட்டையில் நன்றி போட வேண்டும், உன் பெயரை எப்படி எழுதட்டும் என்று கேட்டு வந்தான். எங்கேயும் போடாதே என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொன்னேன். அவன் சொன்னபடி செய்தான், அவ்வளவுதான். அப்படியும் முப்பது வருஷமாக அவன்மேல் பொறாமை போகவில்லை. உன் அம்மாவுக்கு நான் பொய் சொன்னது தெரியாது, ஆனால் பெட்டியைப் பார்த்ததும் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதை அவள் விடவில்லை. நல்ல பாட்டுக்கு எதுக்குங்க மூஞ்சிய இப்படி வச்சிக்கிறீங்க, போதும்லா என்கிறாள்.

இருபத்தெட்டாம் தேதி ஈப்போவில் இந்தப் பதிப்புக்காக ஒரு கச்சேரி. மகேன் போன் செய்து, அந்த நான்காம் பாட்டை மட்டும் நீ வந்து வாசி என்றான். வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன், முடியாது என்று சொல்லத்தான் இருந்தேன். நம் வீட்டில் தட்டு ஓட்ட மெஷின் ஏது. பிரிஞ்சாங்கில் நூர்தீன் கடையில் சுற்றுலா ஆட்கள் போட்டோ பிடிக்க ஒரு பழைய பிளேயர் வைத்திருக்கிறார், அது ஓடவும் செய்யும். வியாழன் மத்தியானம் கூட்டம் குறைந்ததும் கொண்டுபோய்ப் போட்டேன். என் வாசிப்பில் குறை கண்டுபிடித்தால் மனது ஆறும் என்று பார்த்தேன். குறை இல்லை, நன்றாகத்தான் வாசித்திருக்கிறேன். பாட்டு முடிந்தது. நூர்தீன் முள்ளைத் தூக்கக் கை நீட்டினார், அடுத்த பாட்டு வரட்டும் என்று தடுத்தேன். பாட்டு வரவில்லை, ஃபேன் சத்தம் மட்டும் ஓடியது, அன்றைக்கு டேப் ரேடியோவை யாரும் அணைக்கவில்லை. அப்புறம் மகேன் குரல், இருபது வயதுக் குரல்.

“டேய் சுகு, பெல்ட்ட இறுக்கிடாதடா. இந்தச் சத்தம்தான் நல்லாருக்கு, இப்படியே இருக்கட்டும்.”

நூர்தீன் என்னைப் பார்த்து, சுகு நீங்கதானே என்றார். வெட்டி எறிய ஒரு நிமிஷம் ஆகாது, மகேன் அதை வெட்டாமல் விட்டிருக்கிறான். பெயர் போடாதே என்று நான் சொன்னதையும் மீறவில்லை, என் பெயரையும் விடவில்லை. ஆனால் அந்தத் தாழ்ந்த சுதி நான் பெல்ட்டை இறுக்காமல் விட்டதால் வந்தது என்று முப்பது வருஷமாக நம்பியிருந்தேனே, அதுவும் அவன் யோசனையாகப் போய்விட்டது. நான் மறந்தே போயிருந்தேன். கடையிலேயே உட்கார்ந்து அழுதேன், அதில் பாதி பொறாமைதான், அதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் அங்கிருந்தே அவனுக்குப் போன் போட்டு வருகிறேன் என்று சொன்னேன். கம்பி வாங்கி மாட்டிவிட்டேன், விரல் நுனியெல்லாம் கன்றிப்போயிருக்கிறது. லீவு விஷயத்தை அம்மாவிடம் ஈப்போ போகும் வழியில் நானே சொல்லிக்கொள்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

குளிரில் வெறும் காலோடு நடக்காதே, மருமகனிடம் நான் விசாரித்ததாகச் சொல். நீங்கள் இருவரும் நூறு வயது ஒற்றுமையாக வாழ எங்கள் ஆசி எப்போதும் உண்டு. மறக்காமல் ஒன்று செய், உன்னிடம் இருக்கும் தட்டில் அந்தப் பாட்டு முடிந்ததும் முள்ளைத் தூக்கிவிடாதே, கொஞ்சம் பொறுத்துக் கேள்.

இப்படிக்கு,
இரண்டாம் தட்டு, நான்காம் பாட்டு, கிட்டார்:
உன் அப்பா சுகுமாரன்