குருசடி முக்கில் அப்பா

மே 24, சனி

நாட்டு மக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: எங்கள் வீட்டுக் கோழி இன்று என் இடது செருப்பில் முட்டையிட்டது. கோழி, முட்டை, செருப்பு மூவரும் நலம். அம்மா இதை அற்புதம் என்கிறாள். நான் ஆக்கிரமிப்பு என்கிறேன்.

அடுத்த செய்தி. 31ஆம் தேதி புகையிலை ஒழிப்பு நாளாம். எங்கள் தேவாலயப் பங்கு இளைஞர் இயக்கத்தின் பிளக்ஸுக்கு ஒரு வாசகம் வேண்டும் என்று ஷைஜு கேட்டான். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்காருபவன். இப்போது இயக்கச் செயலாளர் ஆனதிலிருந்து நடையே மாறிவிட்டது. நின்ற இடத்திலேயே எழுதிக் கொடுத்தேன்:

வாயில் பீடி — வாசலில் பாடி!

"மக்கா, கொன்னுட்டியேலே!" என்றான். கொன்றால்தானே பாடி?

மே 27

அப்பா நாகர்கோவில் போய்க் குட்டிச் சட்டை, தொப்பி, துண்டு எல்லாம் வெள்ளையில் வாங்கி வந்தார். அவரோடு ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போகும் மரியஜான் மாமாவுக்கும் செசிலி மாமிக்கும் பிறந்த பிள்ளைக்கு ஜூன் எட்டாம் தேதி ஞானஸ்நானம். பிள்ளையைக் கையில் ஏந்தப்போகும் தலைதொட்டப்பன், அதாவது ஞானத்தகப்பன், திருவாளர் கிளீட்டஸ் — என் அப்பாதான்! தலையணையை வைத்து ஒத்திகை நடக்கிறது.

"தலைய இப்பிடித்தானே தாங்கணும்?"

"மொதல்ல கைய சோப்புப் போட்டுக் கழுவும்" என்றாள் அம்மா.

பாவம், வீட்டுக்குள் அவர் பீடி பற்றவைத்ததே இல்லை. கடலில், இல்லையென்றால் கரையில்.

மே 31

குருசடி முக்கு, ஊர்ச் சிலுவை நிற்கும் திருப்பம். பெரிய பிளக்ஸ். மேலே என் வாசகம். கீழே — அப்பா.

வள்ளத்தில் கண்ணை இடுக்கி மூக்கால் புகை விடும் அப்பா. நான் எடுத்த படம். 'எங்க வீட்டு என்ஜின்' என்று போன மாதம் ஸ்டேட்டஸ் வைத்தேனே, அதேதான். படத்துக்கு மாலை வேறு வரைந்திருக்கிறார்கள். பக்கத்தில் சிவப்பில்: 'இவனைப் போல் ஆகாதே'.

இவனா? கரையில் ஒருத்தர்கூட அவரை அவன் இவன் என்று பேசி நான் கேட்டதில்லை.

ஷைஜுவைப் பிடித்தேன். "ஏலே, அது எனக்க அப்பாலே!"

"பாதி மொகம் பொகையிலதானே கெடக்கு, யாருக்குத் தெரியும்? நல்ல காரியம் மக்கா. ஊரு பூரா பாக்க ஸ்டேட்டஸ் வச்சது நீ. இப்ப எங்கிட்ட வந்து சாடுதியா?"

எங்க வீட்டுல உக்காந்து மீன்கறி தின்னவன். அப்பா முள்ளெடுத்துக் குடுத்துத் தின்னவன். அந்த மொகத்துக்கு மாலை வரையும்போது கை கூசலியா? எப்பிடிலே மனசு வந்துச்சு?

சாயங்காலம் அப்பா வலையோடு வரும்போது, புகையிலை ஒழிப்பு ஊர்வலத்துக்குப் போன பொடிசுகள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் பின்னாலேயே வந்தன. அவர் திரும்பவில்லை.

ஜூன் 2

அப்பா கடலுக்குப் போனார். வந்தார். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார்.

ஜூன் 3

மரியஜான் மாமா வந்தார். மண்ணைப் பார்த்தே பேசினார்.

"அண்ணே, தப்பா எடுக்கப்பிடாது. செசிலிக்க வீட்டுக்காரங்க அந்தப் பிளக்ஸப் பாத்துட்டாங்க. பிள்ளைய ஏந்துற கை பீடி நாறப்பிடாதுங்காங்க…"

சொன்னவர் யார்? நடுக்கடலில் அப்பாவின் பீடியில் தன் பீடியைப் பற்றவைத்துக்கொள்ளும் அதே மரியஜான் மாமா!

"சரிலே" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

அம்மா கத்தித் தீர்த்தாள். பிறகு அப்பா சொன்னார். "வாசல்ல பாடின்னு எழுதியிருக்கு. எனக்க தம்பிக்க பாடி இன்னும் வரல்ல. வந்திருந்தா அவனுக்க பெண்டாட்டி ஒரு தடவை அழுது தீத்திருப்பா."

சித்தப்பா புயலில் போனவர். பீடியைத் தொடாதவர். வெற்றிலைகூடப் போடாதவர்.

எழுதும்போது எனக்கு ஏன் இது தோணல? கடக்கரையில பொறந்தவன்தானே நான்?

ஜூன் 5

வரலாற்றில் பொறிக்க வேண்டிய நாள். நேராக மரியஜான் மாமா வீட்டுக்குப் போனேன். "கை நாறுதுன்னா, அந்தக் கை இழுத்த வலையில வந்த மீன் மட்டும் மணக்குதா?" என்று கேட்டேன். சபை கப்சிப். செசிலி மாமி அழுதேவிட்டார். வரும் வழியில் ஷைஜு. "உனக்க அப்பா குடிக்கிற பிராந்திக்கு எப்பம்லே பிளக்ஸ்?" என்றேன். ஓடிவிட்டான்.

ஜூன் 8, ஞாயிறு

ஞானஸ்நானம் முடிந்தது. பிள்ளையை ஏந்தியது செசிலி மாமியின் அண்ணன், துபாய்க்காரர். அப்பா கோயிலில் கடைசித் தூண் பக்கம் நின்றார். பிள்ளை போட்டிருந்த சட்டையும் தொப்பியும் அவர் வாங்கியவை. அங்கே பிள்ளையின் தலை கொஞ்சம் சரிந்தபோது, இங்கே அவர் கை தானாக உயர்ந்து இறங்கியது.

இனி உண்மை. ஐந்தாம் தேதி எழுதியது மொத்தமும் புளுகு.

அப்பாதான் அந்தக் குட்டிச் சட்டையும் தொப்பியும் இருந்த பையைத் தந்து, "பிள்ளைக்குள்ளது, நீ கொண்டு குடு" என்று அனுப்பினார். போனேன். "சாயா குடிக்கியா மக்கா?" என்றார் செசிலி மாமி. குடித்தேன். முறுக்கும் தின்றேன். கேள்வி ஒன்றும் வாயில் வரவில்லை. கேட்டால், 'வாசகம் எழுதினது யாருலே?' என்று திருப்பிக் கேட்டுவிடுவார்களே. வழியில் ஷைஜுவைக் கண்டு சந்துக்குள் ஒளிந்ததும் நான்தான்.

இன்று கோயிலிலிருந்து வரும்போது அப்பாவிடம் சொன்னேன். "அப்பா, அத எழுதினது நான்."

"பாத்த அன்னைக்கே தெரியும். இந்த ஊர்ல வேற யாருக்குலே இவ்வளவு வாய்?"

அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்தப் பையை என் கையில் கொடுத்திருக்கிறார். நான் எழுதினதை அங்கே சொல்லாமல் முறுக்குத் தின்றுவிட்டு வந்திருக்கிறேன்.